உடங்காட்டுக் கிணற்றுமேடு

பவ வருஷம், மாசி 2

இந்த நோட்டை யார் கண்டெடுத்தாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். ஒரு பக்கம் படித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோரம்.

என் பெயர் சண்பகவடிவு. அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் அரண்மனையிலிருந்து வந்த காகிதத்தை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நாங்கள் உழுகிற உடங்காடு, ஜமீன் அரண்மனையின் சொந்தப் பண்ணையாம். வெயிலுமுத்து என்பவன் நாலு வருஷமாக அங்கே கூலிக்கு உழுகிறவனாம். பங்குனி ஒன்றாம் தேதி அவன் நிலத்தையும் அதிலுள்ள குடிசையையும் விட்டு இறங்கிவிட வேண்டுமாம். வெயிலுமுத்து என்பவன் என் அப்பா. குடிசை என்பது இந்த வீடு.

"நாலு வருசமா?" என்றார் அப்பா. "எங்க பாட்டன் வெட்டுன கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு நாலு வருசம்னு எழுதுதானே, அந்தக் கைக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கம் பாத்தா அரண்மனையில மானேஜர் வேல பாக்க முடியுமா?" என்றாள் அம்மா. தொட்டிலில் தம்பி அழுதான். யாரும் ஆட்டவில்லை. நான் போய் ஆட்டினேன்.

காகிதம் வந்தது முந்தாநாள். இன்று காலையில் வரப்போரத்து மஞ்சணத்தி மரத்தை அரண்மனை ஆட்கள் வெட்டிவிட்டார்கள். அடியோடு வெட்டி, வேரையும் தோண்டி எடுத்து, குழியை மூடிச் சமப்படுத்திவிட்டார்கள். விறகுக்கு வெட்டுகிறவன் குழியை ஏன் மூட வேண்டும் என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மாசி 3

தூக்கம் வரவில்லை. எங்கள் கதையை எழுதுகிறேன். தை மாதம் குமுதவல்லி டீச்சர் 'எங்கள் குடும்ப வரலாறு' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதினேன். வகுப்பிலேயே நீளமான கட்டுரை என்னுடையதுதான்.

தாது வருஷப் பஞ்சத்தில் என் பூட்டன் வெயிலுமுத்து, பெண்டாட்டியையும் தம்பி சுடலையையும் கூட்டிக்கொண்டு வடக்கேயிருந்து நடந்து வந்தார். கூட நடந்த இரண்டு பிள்ளைகள் வந்து சேரவில்லை. அப்போதைய ஜமீன்தார் உடைமுள் மண்டிக்கிடந்த இந்தக் காட்டைக் காட்டி, "முள்ளை அடிச்சு வெள்ளாமை வையி, விளைச்சல்ல பாதி எனக்கு" என்றார். வாய் வார்த்தைதான். பூட்டன் முள் வெட்டினார், கிணறு வெட்டினார். அவர் மகன் பரமசிவன் என் தாத்தா. தாத்தாவின் மகனுக்குப் பூட்டன் பெயரையே வைத்தார்கள், அது அப்பா. தம்பிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பரமசிவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கட்டுரையில் முதலில் மஞ்சணத்தி மரத்தைப் பற்றி எழுதினேன். பூட்டன் முதல் விதைப்பின்போது வரப்பில் நட்ட மரம். அதன் கிளையில்தான் மூன்று தலைமுறைக்கும் நுகத்தடி செய்தார்கள். அடுத்து, கிணற்று மேட்டில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு நட்ட கல். அதில் 'தாது வெயிலுமுத்து' என்று உளியால் கொத்தியிருக்கிறது. அடுத்து, கிணறு வெட்டும்போது கூடை சுமந்த கொம்பையா தாத்தா. இன்னும் உயிரோடு இருக்கிறார், கீழக்குளத்துக் கரையில் ஆட்டுக்கிடைக்குக் காவல் படுக்கிறார். அடுத்து, கிணற்று மேட்டிலுள்ள எங்கள் முன்னோர்களின் மூன்று மண் பீடங்கள். பூட்டனுக்கு ஒன்று, மாடு முட்டிச் செத்த சுடலைக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் மெழுகி வெள்ளையடித்துப் பொங்கல் வைப்போம்.

முடிக்கும்போது அழகாக இருக்கட்டும் என்று, 'இன்னும் ஒன்று உண்டு, அதை வெளியே சொல்வது எங்கள் வழக்கம் இல்லை' என்று எழுதினேன். டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாசி 5

அப்பா தென்காசி போய் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். மனு கொடுத்தாயிற்று. மாசி 22 டிப்டி கலெக்டரே உடங்காட்டுக்கு நேரில் வந்து விசாரிப்பாராம். பூட்டன் காலத்திலிருந்து நாங்கள்தான் இங்கே பயிர் செய்கிறோம் என்று காட்டிவிட்டால் அரண்மனையால் இறக்க முடியாதாம். காட்ட முடியவில்லை என்றால் பங்குனி ஒன்று.

"காகிதம் இல்லன்னா என்ன, மண்ணு இருக்கு, கல்லு இருக்கு, மனுசன் இருக்கான்" என்றார் அப்பா.

மாசி 6

ஒன்றும் நடக்கவில்லை. மிளகாய்ப் பழம் பறித்தோம். கை எரிகிறது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

மாசி 9

காலையில் அப்பா கமலை இறைக்கப் போனவர் மாட்டை அவிழ்க்காமலே திரும்பி வந்தார். கல் இல்லை. பாதி உடைந்து கிணற்றுக்குள் கிடக்கிறது. எழுத்து இருந்த பாதியைக் காணவே இல்லை.

நான் கூடப் போனேன். சங்கிலிக் கங்காணி அங்கே நின்றுகொண்டிருந்தான். அரண்மனையின் கங்காணி. பூண் போட்ட தடி வைத்திருப்பான். நடக்கும்போது மூன்று கால் நடக்கிற மாதிரி டக் டக் என்று கேட்கும். பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"பழைய கல்லுல்லா, வெயிலுமுத்து. மாடு கீடு மிதிச்சிருக்கும்" என்றான்.

"எங்க மாட்டுக்குச் சம்மட்டி பிடிக்கத் தெரியாதே கங்காணி" என்றார் அப்பா.

கங்காணி சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "பிள்ள நல்லாப் படிக்குதாம்ல. கட்டுரையெல்லாம் எழுதுதாம். கேள்விப்பட்டேன்."

நான் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மாசி 10

டீச்சர் கட்டுரை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையது மட்டும் இல்லை. மறந்திருப்பார்கள். அவர்களுக்கு நாற்பது பிள்ளைகள்.

மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். பனங்கற்கண்டு கொடுத்தார்கள். "கடைசி வரியில இன்னும் ஒன்னு உண்டுன்னு எழுதியிருந்தியே, அது என்ன சண்பகம்?" என்று கேட்டார்கள்.

"சும்மா எழுதினேன் டீச்சர்" என்றேன்.

"சும்மா எழுதுறவ இல்லியே நீ" என்றார்கள்.

குமுதவல்லி டீச்சர் நல்லவர்கள். புருஷன் இறந்த பிறகு, அரண்மனை கொடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கே கஞ்சி கொண்டுவந்தார்கள். பனங்கற்கண்டை நான் தின்னவில்லை. அது இப்போதும் பாவாடை முடிச்சில் இருக்கிறது. ஏன் தின்னவில்லை என்று தெரியவில்லை.

மாசி 11

இன்று வீட்டில் சிரிப்பு கேட்டது. கொம்பையா தாத்தா வந்திருந்தார். மரமும் கல்லும் போனாலும், கண்ணால் பார்த்த ஓர் ஆள் போதும் என்று வக்கீல் சொன்னாராம்.

"டிப்டி கலெட்டரு முன்னால கோவணத்தோட நிக்க முடியுமாடே?" என்று தாத்தா அப்பாவிடம் கேட்டார்.

அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் கல்யாண வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். தாத்தா அதை முகர்ந்து பார்த்தார். "தாழம்பூ வாசம் வருது. இதக் கட்டிக்கிட்டுப் போனா எனக்கே பொண்ணு குடுத்துருவானுவ."

"குடுப்பானுவ, எம்பது வயசு மாப்பிளைக்கு!" என்றாள் அம்மா.

"ஏட்டி சண்பகம், ஒன் பூட்டன் என் தலையில எத்தன கூட மண்ணு ஏத்துனாரு தெரியுமா? என் உச்சியில இன்னும் முடி முளைக்கல பாரு. அதயே சாட்சியாக் காட்டுதேன்" என்று தலையைக் குனிந்து காட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

மாசி 13

கொம்பையா தாத்தா செத்துப்போனார். கீழக்குளத்தில் மிதந்தாராம்.

மாசி மாதக் குளம். முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது. ஆட்டுக்குட்டிகூட நடந்து கடந்துவிடும். அதைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேட்டி கரையில் மடித்தபடி நனையாமல் இருந்ததாம். வேட்டியைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் விழுந்து ஒருவர் சாவாரா என்று அம்மா கேட்டாள். "சத்தமாப் பேசாத" என்றார் அப்பா. அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த வேட்டியாலேயே மூடி எடுத்துப் போனார்கள்.

மாசி 14

மரம். கல். கொம்பையா தாத்தா.

இந்த மூன்றையும் இதே வரிசையில் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது. யோசிக்கவில்லை. விளக்கை அணைக்கிறேன்.

மாசி 15

பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். வலி உண்மைதான். சாயங்காலம் பருத்தி எடுத்தேன், சாணி தட்டினேன், தம்பிக்கு மை இட்டேன். கை ஓயாமல் இருந்தால் நல்லது.

மாசி 17

பீடங்களை இடித்துவிட்டார்கள்.

மூன்றையும். இடித்தது மட்டுமில்லை, மண்ணை வாரிப் பரப்பி, மேலே ஏர் ஓட்டி உழுதிருக்கிறார்கள். அங்கே எப்போதும் எதுவும் இருந்ததில்லை என்பது போல இருக்கிறது. அப்பா உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எப்படித் தெரியுது இவனுவளுக்கு? எதை எடுத்தா நான் விழுவேன்னு ஒன்னொன்னா, வருசையா, எப்படித் தெரியுது?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். "டீச்சர், என் கட்டுரை நோட்டு வேணும்" என்றேன்.

டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். "மானேஜர் ஐயா பாத்துட்டுத் தாறேன்னு வாங்கிட்டுப் போனாவ."

"எப்ப டீச்சர்?"

"தை மாசமே. நல்ல எழுத்துன்னு சொன்னாவ."

நல்ல எழுத்து என்று சொன்னாராம்.

மாசி 18

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பக்கத்தில் போனேன். முதல் தடவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சும்மாதான் இருந்தார். "என்ன தாயி?" என்று கேட்டார். "உப்பு வேணுமாப்பா?" என்றேன்.

மாசி 20, சிவராத்திரி

பீடம் இல்லாத மேட்டில் பொங்கல் வைத்தோம். உழுத மண்ணில் மூன்று இடத்தில் வெற்றிலை வைத்து அப்பா கும்பிட்டார். அம்மா அழுதுகொண்டே அடுப்பை ஊதினாள். கும்பிட்டு எழுந்ததும் அப்பா சிரித்தார். பல நாளைக்குப் பிறகு.

"மேல இருந்த மண்ணத்தான வாருனானுவ. கீழ தோண்டலயே" என்றார்.

இனி எழுதினால் என்ன. கட்டுரையில் எழுதாத அந்த ஒன்று இதுதான். எங்கள் வீட்டில் உழுதவர் இறந்துபோனால், அவர் கலப்பையின் கொழுவை, அதாவது மண்ணைக் கீறும் அந்த முனை இரும்பை, கழற்றி அவர் பீடத்துக்குக் கீழே முழங்கை ஆழத்தில் புதைப்பார்கள். வேறு யாரும் அதைப் பூட்டி உழக்கூடாது. கொல்லர் அதில் செத்தவரின் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியிருப்பார். தாத்தாவின் கொழுவைப் புதைத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்குத் தென்காசி போய் வக்கீலக் கூட்டிக்கிட்டு, மறுநா விடியக்குள்ள டிப்டி கலெட்டரோடயே வந்திருதேன்" என்றார் அப்பா. "அவரு கண்ணு முன்னால தோண்டுவோம். கொழுவச் சுத்தி மண்ணு கல்லா இறுகிப்போய்க் கெடக்கும். அம்பது வருசத் துருவ எவன் செய்ய முடியும்? மண்ணோட மண்ணா இருக்க வரைக்குந்தான் அது சாட்சி. வெளிய எடுத்துட்டா வெறும் பழைய இரும்பு."

"வாய மூடுங்க. காத்துக்கும் காது உண்டு இந்த ஊர்ல" என்றாள் அம்மா.

அப்பா என் தலையில் கை வைத்தார். "நம்ம மூணு பேருக்கும் தெரியும். நாலாவது ஆளு தொட்டில்ல கெடக்கான்."

மாசி 21, மதியம்

பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கதவைச் சாத்தினார்கள். வெளியே டக் டக் என்று சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"சண்பகம், அது என்னன்னு சொல்லிரு."

"எது டீச்சர்?"

"வெளையாடாத. எனக்கு இந்த வீட்ட விட்டா போக்கிடம் இல்ல. நாளைக்கு ஒன் கட்டுரையில இல்லாதது எதாவது வந்துச்சுன்னா நான் ஒளிச்சேன்னு சொல்லுவாவ. ஒனக்காகவுந்தான் கேக்கேன். கொம்பையாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தியா இல்லியா?"

டீச்சர் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வீட்டுக்குள்ள இருக்கா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கெணத்துக்குள்ளயா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பீடத்துக்கு அடியிலயா?"

நான் அழுதேன். அவ்வளவுதான். அழுவது பதில் ஆகாது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. டீச்சர் என்னை அணைத்துக்கொண்டார்கள். பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள்.

மாசி 21, இரவு

அப்பா மதியமே புறப்பட்டுப் போய்விட்டார். தம்பிக்குக் காய்ச்சல், அம்மா அவனோடு உள்ளே படுத்திருக்கிறாள். நான் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் சிமினி விளக்கோடு இருக்கிறேன். நான் செய்ததை எழுதிவிடுகிறேன்.

பொழுது சாயும்போது அம்மாவிடம் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கூடையும் களைக்கொத்தியும் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனேன். ராத்திரி அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர்கள் தோண்டும்போது ஒன்றும் இருக்கக்கூடாது, அதுதான் என் மனதில் இருந்தது. நேற்று வைத்த வெற்றிலைகள் வாடிக் கிடந்தன. அதை அடையாளம் வைத்துத் தோண்டினேன். மண் அப்பா சொன்னது போலக் கல்லாக இருந்தது. கைக்கொப்புளம் உடைந்துவிட்டது. ஆனாலும் எடுத்துவிட்டேன். மூன்றையும். குழிகளை மூடி மிதித்தேன். கொழுக்களைப் புல்லுக்கு அடியில் வைத்துத் தலையில் சுமந்து வந்தேன். வழியில் சங்கிலிக் கங்காணியைப் பார்த்தேன். "புல்லு கனக்குதா பிள்ள?" என்று கேட்டான். "ஆமா" என்றேன்.

இப்போது அவை என் மடியில் இருக்கின்றன. ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் பாவாடையால் துடைத்தேன். பூட்டனுடையது மெலிந்து, நாய் கடித்துப்போட்ட எலும்பு மாதிரி இருக்கிறது. 'வெ' என்ற எழுத்து விரலுக்குத் தட்டுப்படுகிறது. முதல் தடவையாக இன்று நான் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று எழுத நினைத்தேன். நாளை அப்பா வந்ததும் அவர் கையில் கொடுப்பேன், கட்டுரையைப் பற்றியும் சொல்வேன், அவர் என்னை மன்னிப்பார் என்று எழுத நினைத்தேன்.

அதற்கு முன்னால் பக்கத்தைப் புரட்டினேன். மாசி 20-இல் நானே எழுதியிருக்கிறேன். அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். நல்ல எழுத்து.

மண்ணோட மண்ணா இருக்க வரைக்குந்தான் அது சாட்சி.

மூன்று பழைய இரும்பு. என் மடியில்.

திரும்பக் கொண்டுபோய்ப் புதைத்தாலும் மண் இளகிவிட்டது. நேற்றுப் புதைத்தது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் இடித்ததெல்லாம் போக மிச்சம் இருந்த ஒன்றை நானே தோண்டி எடுத்துவிட்டேன். துடைத்தும்விட்டேன்.

இனி இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். அடித்த வரியும் உங்களுக்குத் தெரியும், படிக்கலாம். இப்போது உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், காட்டுங்கள். டிப்டி கலெக்டரிடம் காட்டுங்கள். அவர் ஊரில் இல்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் காட்டுங்கள். வெயிலுமுத்து மகன் பரமசிவன், அவர் மகன் வெயிலுமுத்து, அவர் மகன் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை. கொழுக்கள் பீடத்துக்குக் கீழே முழங்கை ஆழத்தில் இருந்தன, நான்தான் எடுத்தேன், என் கைக்கொப்புளத்தைப் பாருங்கள். கொம்பையா தாத்தா முழங்கால் தண்ணீரில் இறந்தார். கட்டுரையை எழுதியது நான். வாங்கிப் போனது

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா விடிந்துதான் வருவார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"சண்பகம், நான்தான் டீச்சர். பயப்படாத. கதவத் தொற. தனியாத்தான் வந்திருக்கேன்."

வாசல் கல்லில் டக்